ஒருநாள் விட்டு ஒருநாள்

வெள்ளவத்தை,
07.09.2025

பெருமதிப்பிற்குரிய சகோதரி லுத்பியா அவர்கட்கு,

வணக்கம். தங்கள் கடிதம் கைக்கெட்டி ஒரு வாரத்திற்கு மேலாகியும் பதில் வரையாது தாமதித்தமைக்கு முதற்கண் மன்னிப்பை வேண்டி நிற்கிறேன். காரணம் அலட்சியம் அன்று. என் மகன் லவனுக்குத் தடுப்பூசிக் காய்ச்சல். அது தணிந்தபின் அவன் தாய்க்குச் சோர்வு. கைத்தொலைபேசியில் இரண்டு வரி தட்டி அனுப்பியிருக்கலாமே என்று தாங்கள் கேட்கக்கூடும். நாள் முழுவதும் பிறருக்காகத் தொலைபேசியில் பேசி ஊதியம் பெறுபவள் நான். எனக்கு முக்கியமானதைக் காகிதத்தில்தான் எழுதுவேன்.

நம் இருவரின் பிரசவ விடுமுறையும் ஒரே வாரத்தில் முடிகிறது. மருத்துவமனைத் தொலைபேசி இணைப்பகத்தின் பகல் கதிரையில் ஒருநாள் நான், மறுநாள் தாங்கள் என்று மாறி மாறி அமர்வது. வீட்டில் இருப்பவர் இரண்டு பிள்ளைகளையும் பார்த்துக்கொள்வது. இதுவே தங்கள் யோசனை. உடனே ஓம் என்று எழுதாததற்கு இன்னொரு காரணமும் உண்டு. வேறு வழி இருக்கிறதா என்று என் கண்ணால் பார்த்துவிட விரும்பினேன்.

கிருலப்பனையில் ஒரு பிள்ளைப் பராமரிப்பு நிலையத்திற்குச் சென்றேன். சுவரெங்கும் முயலும் யானையும் வரைந்திருந்தார்கள். பொறுப்பான பெண்மணி, "ஒண்டுக்கும் பயப்பிடாதைங்கோ மிஸ், பின்னேரம் எல்லாப் பிள்ளைகளையும் ஒரே நேரத்தில நித்திரையாக்கிப் போடுவம்" என்றார். எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே நேரத்தில் எப்படி நித்திரை வரும் என்று கேட்டேன். அவர் யானையைப் பார்த்தார். நான் வெளியே வந்துவிட்டேன்.

என் கணவர் கஜேந்திரன் காலி வீதிச் சேலைக் கடையிலிருந்து இரவு ஒன்பதுக்குத்தான் வருவார். என் தாயார் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் இன்னமும் கொழுந்து பறிக்கிறார். அவர் வர முடியாது. கஜேந்திரன் என்னைப் பார்த்து, "இஞ்சரும், உமக்கு ஒரு கட்டடத்தையும் பிடிக்காது, ஒரு ஆளையும் பிடிக்காது. லுத்பியாவை மட்டும் பிடிக்கும். பிறகென்ன யோசனை?" என்று கேட்டார். அது உண்மை.

ஆகவே சம்மதிக்கிறேன். திங்கள், புதன், வெள்ளி நான் வேலைக்குச் செல்வேன். லவன் கொட்டாஞ்சேனையில் தங்களிடம் இருப்பான். செவ்வாய், வியாழன், சனி தங்கள் மகள் நதா இங்கே வருவாள். தங்கள் கணவர் நபீஸ் தமது முச்சக்கர வண்டியில் பிள்ளைகளை ஏற்றி இறக்க இசைந்தது பெரிய உதவி. பிள்ளையின் பையில் ஒரு கடிதமும் வந்து போகட்டும். இனி ஒரே கதிரையில் அமரப்போகிறவர்கள் ஒருவரையொருவர் காண வழியில்லை அல்லவா?

தங்கள் அன்புள்ள,
யோகேஸ்வரி


கொட்டாஞ்சேனை,
10.09.2025

அன்பின் யோகேஸ் அக்கா,

சுகம்தானே? உங்கள் கடிதத்தை நபீஸுக்கு வாசித்துக் காட்டினேன். "இதென்ன, கோர்ட்டுக் கட்டளையா?" என்று கேட்டார். பிறகு அவரே, "எழுத்து அழகா ஈக்கி" என்று சொல்லி மடித்து வைத்தார். உயர்தரம் வரை படித்த எனக்கு இப்படி ஒரு வரி எழுத வராது அக்கா. நீங்கள் எட்டாம் வகுப்போடு நின்று, மிச்சத்தைத் தனியாகப் படித்துச் சோதனை பாஸ் பண்ணினவர் என்று சொன்னால் வேலையிடத்தில் இன்னும் பாதிப்பேர் நம்புவதில்லை.

நம் இணைப்பகப் பொறுப்பாளர் இராசரத்தினம் சேரிடம் கேட்டுவிட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு சொன்னது இதுதான்: "பிள்ளை, அந்தக் கதிரை ஒரு நாளும் வெறுமையா இருக்கப்படாது. அதில ஆர் இருக்கினம் எண்டது எனக்குத் தேவையில்லை. வெறுமையா இருந்தா ரெண்டு பேருக்கும் பதிலா வேற ஆளை எடுப்பன்." எனக்கு அதுவே போதும்.

என் பயம் வேறு. நதா போத்தலைத் தொடுகிறாள் இல்லை. கறந்த பாலை இளஞ்சூடாக வைத்துக் கொடுத்தாலும் நாக்கால் தள்ளுகிறாள். நபீஸ் கொடுத்தும் பார்த்தார், பக்கத்து வீட்டு புளோறன்ஸ் அன்ரி கொடுத்தும் பார்த்தா. வாயை மூடிக்கொண்டு எங்களைக் குற்றவாளிகள் மாதிரிப் பார்க்கிறாள். பன்னிரண்டு மணி நேரம் நான் இல்லாமல் எப்படி இருப்பாள்? அவள் குடிக்காவிட்டால் நான் வேலையை விட வேண்டியதுதான்.

செவ்வாய் அனுப்புகிறேன். கத்தினால் மன்னித்துக்கொள்ளுங்கள்.

லுத்பியா


கொட்டாஞ்சேனை,
17.09.2025

அன்பின் யோகேஸ் அக்கா,

லவன் என் காலடியில் பாயில் கிடக்கிறான். துறைமுகத்தில் கப்பல் ஊதினால் கையைக் காலை அசைக்காமல் உறைந்துபோய்க் கேட்கிறான். சத்தம் நின்றதும் என்னைப் பார்க்கிறான், நான்தான் ஊதினேன் என்பது போல.

ஒரு விஷயம் எழுதலாமா வேண்டாமா என்று திங்கள் பின்னேரம் தொடக்கம் யோசிக்கிறேன். மறைத்துவிட்டால் நாளைக்கு உங்கள் வீட்டில் செய்யும்போது அதுதான் முதல் தரம் என்று நீங்கள் சந்தோஷப்படுவீர்கள். ஆனால் பொய் சொல்லி உங்களைச் சந்தோஷப்படுத்த எனக்கு மனம் வரவில்லை. லவன் புரண்டுவிட்டான் அக்கா. மல்லாந்து கிடந்தவன் ஒரு பக்கம் சாய்ந்து, ஒரு கை அடியில் மாட்டி, முக்கி, முகம் சிவந்து, சடாரென்று குப்புற விழுந்தான். பிறகு தலையைத் தூக்கி இந்த அறையைப் பார்த்தான். உலகத்தை யாரோ திருப்பி வைத்துவிட்டார்கள் என்ற மாதிரி ஒரு பார்வை. நீங்கள் அல்லவா பார்த்திருக்க வேண்டும்.

நேற்று நதா திரும்பி வந்தாள். போத்தலில் பாதிப் பால் அப்படியே இருந்தது. பிள்ளை வாடியிருப்பாள் என்று பயந்து தூக்கினால், சிரிக்கிறாள். வயிறு நிறைந்த பிள்ளையின் சிரிப்பு எனக்குத் தெரியும். நபீஸ் சொல்கிறார்: "யோகேஸ் அக்கா என்னமோ ஓதி ஊதீக்கா." மந்திரம் ஓதி ஊதியதாக நினைக்கிறார். உண்மையைச் சொல்லுங்கள், என்ன செய்தீர்கள்?

லுத்பியா


வெள்ளவத்தை,
23.09.2025

அன்புச் சகோதரி லுத்பியா,

பதில் பிந்திவிட்டது, பொறுத்தருள்க. இரண்டு பிள்ளைகளுள்ள நாட்களில் பேனாவின் மூடியைக் கழற்றும் முன்னரே எவராவது ஒருவர் விழித்துவிடுகிறார்.

லவன் புரண்ட செய்தியை வாசித்ததும் கடிதத்தை ஒரு கணம் மடித்து வைத்தேன். முதலில் கண்ட கண்கள் என்னுடையவை அல்ல. பிறகு தங்கள் வரிகளை மறுபடி வாசித்தேன். அவன் முகம் சிவந்ததையும் கை மாட்டியதையும் இவ்வளவு கூர்ந்து நோக்கிய ஒருவர் அங்கே இருந்தாரே என்று மனம் நிறைந்தது. சுவரில் யானை வரைந்த இடத்தில் அவன் புரண்டிருந்தால் யார் கண்டிருப்பார்?

இனி தங்கள் வினாவிற்கு வருகிறேன். தாங்கள் அனுப்பும் பாலை நதா சிறுகரண்டியால் ஊட்டினால் ஓரளவு குடிக்கிறாள். காலையும் மாலையும் அவ்விதமே சமாளித்துவிடுகிறேன். நித்திரைக்கு முன்பான மதியப் பசிக்குத்தான் அவள் கரண்டியை ஏற்கவில்லை. முதல் செவ்வாயன்று தட்டிவிட்டு அழுதாள். சாதாரண அழுகை அன்று. வீடு முழுவதையும் பிடித்து உலுக்கும் அழுகை. லவன் அருகில் உறங்கிக்கொண்டிருந்தான். அவன் அசையவில்லை. ஆனால் என் மார்பில் பால் சுரந்து சட்டை நனைந்துவிட்டது.

சகோதரி, அந்த வியப்பை எவ்வாறு எழுதுவது என்று அறியேன். என் பிள்ளை அழவில்லை. நான் ஈன்றிராத ஒரு பிள்ளை அழுகிறது. என் உடம்போ என்னைக் கேளாமலே விடை கூறிவிட்டது. "ஐயோ வாம்மா, இதுக்குத்தானா இந்தப் பாடு?" என்று மடியில் கிடத்திக் கொடுத்தேன். அவள் கடைசிவரை குடித்தாள். குடித்தபடியே என் சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடாமல் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போது கடற்கரை ரயில் வீட்டை அதிரவைத்துப் போனது. அவள் கண் இமைக்கவில்லை.

அன்று முதல் வியாழன், சனி, இன்று செவ்வாய் என அந்த மதியப் பசியை மட்டும் நானே தீர்த்து உறங்கவைக்கிறேன். இதில் நன்றி கூற எதுவுமில்லை. எவ்வளவு சிறிய காரியம்! கேட்டீர்கள், கூறிவிட்டேன். தங்கள் வேலைக்கு இனி ஆபத்தில்லை என்று மகிழ்ச்சியுடன் அறியத் தருகிறேன்.

யோகேஸ்வரி


வெள்ளவத்தை,
28.09.2025

திருமதி லுத்பியா நபீஸ் அவர்கட்கு,

இக்கடிதம் என் கணவர் கையால் 155 பஸ்ஸில் வருகிறது. பிள்ளையின் பை நம்மிடையே வருவது நின்றுவிட்டபடியால் வேறு மார்க்கமில்லை.

புதன்கிழமை காலையில் லவனுக்குச் சட்டை மாற்றி, பையை அடுக்கி, வீதியோடு சேரும் ஒழுங்கை முகப்பில் நின்றேன். தங்கள் கணவரின் வண்டி வரவில்லை. "இப்போதைக்கு வேணாம் அக்கா, பிறகு சொல்றேன்" என்று ஒரு குறுஞ்செய்தி மட்டும் வந்தது. பிறகு என்றால் எப்போது? எடுத்த அழைப்புகளுக்கும் விடையில்லை. நான் வேலைக்குப் போகவில்லை. தாங்களும் போகவில்லை என அறிந்தேன். நேற்று திரு. இராசரத்தினம் அழைத்தார். "பிள்ளை, உங்களுக்குள்ள என்ன கோபமெண்டு நான் கேக்கேல்ல. வாற கிழமை முழுக்க ஆள் போட்டுச் சமாளிப்பன். ஆறாம் திகதி திங்கள் கதிரையில ஆள் இல்லாட்டி, எனக்கு வேற வழியில்லை" என்றார்.

காரணத்தைத் தாங்கள் எழுதாதபோதும் நான் ஊகித்துக்கொண்டேன். பதினான்கு வயதில் மலையிலிருந்து இறங்கி இந்த ஊரில் ஒரு வீட்டிற்குப் பிள்ளை பார்க்க வந்தவள் நான். அவ்வீட்டார் நல்லவர்கள், அடித்ததில்லை. ஆனால் எனக்கென்று குளியலறை ஓரத்தில் ஒரு கோப்பை தனியாகக் கவிழ்ந்திருக்கும். அவர்களின் பிள்ளையை இடுப்பில் சுமக்கலாம். அவர்களின் கோப்பையில் தேநீர் குடிக்கக் கூடாது. தங்கள் வீட்டில் எனக்கு அந்தக் கோப்பை இருக்காது என்று நம்பியிருந்தேன். நான் வேறு மதத்தவள், தோட்டத்துப் பெண். என் பால் தங்கள் பிள்ளைக்கு ஆகாது என்றால் அதை ஒரு வரியில் எழுதியிருக்கலாம். அவமானம் எனக்குப் புதிதன்று. மௌனத்தைத்தான் என்னால் தாங்க இயலவில்லை.

நதா மதியத்தில் எப்படி உறங்குகிறாள் என்பதை மட்டும் அறிய விரும்புகிறேன்.

யோகேஸ்வரி


கொட்டாஞ்சேனை,
30.09.2025

யோகேஸ் அக்கா,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு அழுதேன். அல்லாஹ் மேல் ஆணையாக, அந்தக் கோப்பை எங்கள் வீட்டில் இல்லை. கஜேந்திரன் அண்ணனிடம் வாயால் சொல்லி அனுப்பவும் எனக்கு வரவில்லை. எல்லாவற்றையும் ஒழுங்காக எழுதுகிறேன், தயவுசெய்து கடைசிவரை வாசியுங்கள்.

நீங்கள் சிறிய காரியம் என்று எழுதியதை நபீஸுக்கு வாசித்தேன். தேநீர் குடித்துக்கொண்டிருந்தவர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார். "எத்தின தரம் குடுத்தீக்கா?" என்று கேட்டார். செவ்வாய், வியாழன், சனி, மறுபடி செவ்வாய் என்று விரல் விட்டு எண்ணினோம். நாலு.

எங்கள் மார்க்கத்தில் பால் சும்மா உணவு இல்லை அக்கா. கைக்குழந்தை ஒன்று ஒரு பெண்ணிடம் ஐந்து தரம் வயிறு நிறையக் குடித்தால் அந்தப் பெண் அதற்கு உம்மா, தாய். பேச்சுக்குச் சொல்வதில்லை, சட்டமே அப்படித்தான். அவள் பெற்ற பிள்ளைகள் இதற்குக் கூடப்பிறந்தவர்கள், சாகும்வரைக்கும். அது தெரியாமல் நீங்கள் நாலாவது தரத்தில் நின்றுகொண்டிருந்தீர்கள். எனக்கு உடம்பு நடுங்கியது. வெறுப்பில் இல்லை. விளிம்பு தெரியாமல் பெரிய ஒன்றின் ஓரத்துக்கு வந்துவிட்ட நடுக்கம்.

நபீஸ் சொன்னார்: "தெரியாம உறவு கட்டக்கூடா. கேட்டுத்தான் செய்யணும்." எங்கள் பள்ளிவாசல் மௌலவி அக்கரைப்பற்றுக்குப் போயிருந்தார். அவர் வருவதற்குள் நதாவை அனுப்பினால் ஐந்தாவது நடந்துவிடும். அனுப்பாமல் விட்டால் உங்களுக்கு என்னவென்று சொல்வது? போனை எடுத்து எடுத்து வைத்தேன். அதுதான் என் பிழை, சரியான பிழை.

ஞாயிறு இரவு மௌலவி வந்தார். நபீஸ் கேட்டதற்கு அவர் சொன்னது: "அஞ்சி தரம் வயிறு நெறயக் குடிச்சா அவ உம்மா. வேற மார்க்கமெண்டாலும் உம்மா உம்மாதான், அந்தக் கண்ணியம் குடுக்கோணும். நாலோட நிண்டா ஒண்டுமில்ல. நிப்பாட்டுறதும் ஒங்கட இஷ்டம், நடத்துறதும் ஒங்கட இஷ்டம். ஆனா தெரிஞ்சி செய்ங்க."

நேற்று நபீஸ் ஹயர் சவாரிக்குப் போகாமல் முகத்துவாரத்தில் ஆறு கடலில் விழுகிற இடத்தில் திரீவீலை நிறுத்திவிட்டு வெகுநேரம் இருந்திருக்கிறார். வீட்டுக்கு வந்து, என் முகத்தைப் பார்க்காமல் நதாவைப் பார்த்துச் சொன்னார்: "நமக்கு இனிப் புள்ள இல்ல லுத்பியா. இவக்கு கூடப்பொறந்தவனா ஒரு நானா கெடச்சா, ஏன் வாணாங்கிறது?"

நதா பிறந்த அன்றே என் கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். நீங்கள் ஒரு நாளும் அதைப் பற்றிக் கேட்டதில்லை. அதற்காக மனதுக்குள் நன்றி சொல்லியிருக்கிறேன். நாங்கள் இரண்டு பேரும் போன பிறகு அவளுக்கென்று யாருமில்லை என்ற நினைப்பு எனக்கு ராத்திரிகளில் வரும். லவன் இருந்தால், அவன்தான் அவளுடைய நானா, அண்ணன். அவன் முன்னால் அவள் முக்காடு போடத் தேவையில்லை. வீட்டுக்குள்ளே நேராக வந்து, "தங்கச்சி, சோறு இருக்கா?" என்று கேட்கலாம். கலியாணம் மட்டும் இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு நாளும் நடக்காது. "அப்ப ஒரு மாப்பிள்ள கொறஞ்சி" என்று நபீஸ் சிரிக்கிறார். ஒரு கிழமைக்குப் பிறகு முதல் சிரிப்பு.

நாலும் நீங்களாகத் தந்தது. ஐந்தாவதை நாங்கள் கேட்கிறோம்.

உங்களுக்கு விருப்பமில்லை என்றால் வெட்கப்படாமல் சொல்லுங்கள். திங்கள் முதல் பழைய மாதிரி நடக்கும். நதாவுக்கு மதியமும் கரண்டிதான். நீங்கள் கேட்டீர்களே, அவள் மதியத்தில் உறங்குவதில்லை. என் சட்டையில் பொத்தான் தேடுகிறாள்.

லுத்பியா


வெள்ளவத்தை,
01.10.2025

அன்பிற்குரிய லுத்பியாவுக்கு,

இது நான்காவது தாள். முதல் மூன்றையும் கிழித்துவிட்டேன். கம்பீரமாக ஆரம்பித்து இரண்டாவது வரியில் சொல் நின்றுவிட்டது. எனக்கு இவ்வாறு நேர்ந்ததில்லை.

முதலில், ஞாயிறன்று நான் எழுதியதை மறந்துவிடுங்கள். உங்கள் வீட்டுக் கதவு சாத்தியிருந்தபோது பழைய வீட்டின் கதவைத்தான் நான் கண்டிருக்கிறேன். இதற்கு மேல் அதைப் பற்றி எழுதினால் அழுகை வரும், எழுத்து கலையும்.

உங்கள் கடிதத்தை என் கணவருக்கு வாசித்தேன். அவர் அதை வாங்கித் தானும் ஒருமுறை வாசித்தார். பிறகு, "அப்ப நானும் தகப்பனோ?" என்று கேட்டார். உங்கள் சட்டப்படி அப்படித்தான் இருக்க வேண்டும் என்றேன். "இஞ்சரும், மகள் கிடைச்சிட்டா. கலியாணச் சேலை என்ர பொறுப்பு, கடையில விலைக் கழிவும் தருவாங்கள்" என்றார். சொல்லிவிட்டு எழுந்து போய் லவனைத் தூக்கி, "தங்கச்சியைப் பாக்கப் போறம் ராசா" என்று அவன் காதில் சொல்லிக்கொண்டிருந்தார்.

லுத்பியா, இதுவரை கற்ற அனைத்தையும் நானே தேடிக் கற்றேன். இலக்கணம், ஆங்கிலம், சிங்களம், மூன்று மொழியிலும் அழைப்பை இணைக்கும் முறை. எவரும் இருத்தி வைத்துச் சொல்லித் தரவில்லை. அதனால் எனக்குத் தெரியாதது குறைவு என்று ஓர் எண்ணம் எனக்குள் இருந்தது. என் உடம்பில் சுரந்த ஒன்றை நான் சிறிய காரியம் என்று எழுத, வேறு ஒரு வீட்டில் இருவர் தேநீரைக் கீழே வைத்துவிட்டு எண்ணத் தொடங்கியிருக்கிறார்கள். இரத்தத்திற்குச் சமமாகப் பாலை நிறுத்துவைக்கும் ஒரு சட்டம் எத்தனையோ காலமாக நம் அயலில் இருந்திருக்கிறது. அதன் வாசலில் நின்று நான் பிள்ளையை உறங்கவைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். நேற்றிலிருந்து என் கைகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அவை அதே கைகளாகத்தான் இருக்கின்றன. நம்ப முடியவில்லை.

விருப்பமா என்று கேட்டீர்கள். எனக்கு அச்சமாக இருக்கிறது. பிள்ளை பார்ப்பது ஒருநாள் விட்டு ஒருநாள். தாயாக இருப்பது அப்படியன்று. அவளுக்குக் காய்ச்சல் கண்டால் என் முறை இல்லாத நாளிலும் நான் வர வேண்டும். அவள் பிழை செய்தால் கண்டிக்க வேண்டும். அவள் என்னை வெறுத்தாலும் நான் அங்கேயே நிற்க வேண்டும். இவற்றையெல்லாம் யோசித்துப் பார்த்தேன். யோசித்தும், என் மனம் ஓம் என்றே சொல்கிறது.

ஆனால் ஒரு வேண்டுகோள். முதல் நான்கு தடவையும் நீங்கள் அருகில் இல்லை. ஐந்தாவது அவ்வாறு ஆகக் கூடாது. வேலை நாளில் பையோடு அவளை அனுப்பிவைக்க வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை நம் இருவருக்கும் ஓய்வு. மதியத்திற்கு முன் நீங்களும் நபீஸும் நதாவும் இங்கே வாருங்கள். ஹலால் கடையில் கோழி வாங்கிச் சமைப்பேன், பாத்திரம் புதியது. ஆண்கள் முன்னறையில் இருக்கட்டும். நீங்கள் என் பக்கத்தில் அமருங்கள். அவள் என் முகத்தைப் பார்ப்பாள். திரும்பினால் உங்கள் முகமும் அங்கே இருக்க வேண்டும். திங்கள் காலையில் நான் கதிரைக்குப் போவேன், லவன் உங்களிடம் வருவான் என்று திரு. இராசரத்தினத்திற்கு அறிவித்துவிட்டேன்.

எனக்குத் தெரியாத சில உண்டு, கேட்கக் கூச்சப்படவில்லை. நான் முன்னதாகக் குளிக்க வேண்டுமா? எத்திசை நோக்கி அமர வேண்டும்? பிள்ளையை மடியில் வாங்கும்போது ஏதேனும் சொல்ல வேண்டுமென்றால், அதைத் தமிழ் எழுத்தில் எழுதி அனுப்புங்கள்; பிழையின்றிச் சொல்லப் பழகிக்கொள்வேன்.

ஞாயிற்றுக்கிழமைக்கு அதிக நாள் இல்லை. உடனே பதில் எழுதுங்கள்.

யோகேஸ்வரி